வகுத்தல் தெரியாத ஒன்பதாம் வகுப்பில் எதை நடத்துவது?

கேள்வி: வடசென்னையில் ஒரு பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் ஒன்பதாம் வகுப்பில் 44 பேர். பாதிப் பேருக்கு வகுத்தல் வராது. பத்துப் பன்னிரண்டு பேர் பாடப்புத்தகத்தை வாசிக்கவே தடுமாறுகிறார்கள். தினமும் ஏழெட்டுப் பேர் வருவதில்லை. அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தால் போர்ஷன் நின்றுவிடுகிறது. போர்ஷனை ஓட்டினால் முன்வரிசையில் ஆறு பேர் மட்டும் என்னோடு வருகிறார்கள். தலைமையாசிரியரோ அடுத்த ஆண்டு ரிசல்ட் என்ன ஆகும் என்று இப்போதே கேட்கிறார். காலாண்டுத் தேர்வுக்கு முன்பு ஒரு மாணவனைப் பார்த்து எல்லோர் முன்னிலையிலும், "உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு?" என்று கத்திவிட்டேன். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் கூடை இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையன் அவன். அன்றிலிருந்து வரவில்லை. மாறுதல் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்று நினைக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். போர்ஷனைச் சரிசெய்ய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அந்தப் பையன் விஷயத்தில் இந்த வாரம்தான் இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்பு முடிகிறபோது அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு மேல் ஆபத்தான தொழில்களை மட்டும்தான் தடுக்கிறது. அந்த வயதில்தான் கூடை தூக்கும் அளவுக்குத் தோளும் திரள்கிறது. அதனால்தான் எட்டாம் வகுப்பு வரை எப்படியோ வந்துசேர்ந்த பிள்ளைகள் ஒன்பதில் கழன்றுகொள்கிறார்கள். நீங்கள் கோபத்தில் கேட்ட கேள்விக்கு அவன் தானாகவே ஒரு பதிலைத் தேடிக்கொண்டுவிடுவானோ என்பதுதான் என் பயம்.

வீட்டுக்குப் போங்கள். தனியாக வேண்டாம், வகுப்பாசிரியரையோ நெருங்கிய சக ஆசிரியையோ அழைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்து வேலைக்குப் போகிற வீட்டில் பிற்பகல் தூங்குகிற நேரம், ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாசலில் பேசுவது தெருவுக்கே கேட்கும். மதிப்பெண்ணைப் பற்றியோ வருகைப் பதிவேட்டைப் பற்றியோ அங்கே வாய் திறக்காதீர்கள். அவன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அவனிடம், "நான் அப்படிப் பேசியது தவறு, நீ வர வேண்டும்" என்று சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்லாமல் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவனுக்குச் சட்டம் வேண்டியதில்லை. டீச்சர் தன்னைத் தேடி வந்தார் என்பதுதான் வேண்டும்.

அதன் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறான், எத்தனை நாள் போகிறான், அந்தப் பணம் எதற்குப் போகிறது. தண்டல் என்கிற தினவசூல் கடனைக் கட்டுவதற்கா, வாடகைக்கா, அல்லது கையில் காசு புழங்குவது அவனுக்கே பிடித்துவிட்டதா? மூன்றுக்கும் மூன்று விதமாகப் பேச வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகட்டும், மற்ற நாள் பள்ளிக்கு வரட்டும் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். முழுவதுமாக நிறுத்த வைப்பது பிறகு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேற்படிப்பில் சேரும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை அம்மாவிடம் சொல்லுங்கள். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு. பேச்சு எடுபடவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருவைச் சேர்ந்த பெற்றோர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். நாம் நான்கு முறை சொல்வதை அவர் ஒரு முறை சொன்னால் கேட்பார்கள். மிரட்டலோ வன்முறையோ இருப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லத் தயங்க வேண்டாம். அவன் திரும்பி வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். முதல் வாரம் எந்தத் தேர்வும் வைக்காதீர்கள்.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

ஆசிரியர்கள் ஓய்வறையில், "இந்த ஏரியா பிள்ளைகள் இப்படித்தான், பேக்ரவுண்ட் சரியில்லை" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கணித ஆசிரியராகவும் பிறகு ஆசிரியர் பயிற்றுநராகவும் இந்தப் பகுதியில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பேச்சின் மேல் தீராத கோபம் உண்டு. பிள்ளைகளின் எல்லாத் தோல்விக்கும் அது காரணம் சொல்லிவிடுகிறது, திங்கட்கிழமை வகுப்பில் என்ன செய்வது என்று மட்டும் சொல்வதில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து பழகும் பிள்ளைகளை ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கவனமும் பொறுமையும் இல்லாத பிள்ளைகள் என்று அதன் பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வகுப்புக்கு வகுத்தல் வராததற்குத் தெளிவான ஒரு காரணம் இருக்கிறது. இந்த 2025-26இல் ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நான்காம் வகுப்பு முழுவதும், ஐந்தாம் வகுப்பில் பாதியும் இவர்கள் பள்ளியையே பார்க்கவில்லை. நீள்வகுத்தலும் பின்னமும் ஊன்ற வேண்டிய காலம் அதுதான். வீட்டில் ஸ்மார்ட்போனும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தவர்கள் தப்பித்தார்கள். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது இவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு அரசுப் பள்ளிகளில் 'திறன்' என்ற பெயரில் ஆறாம் வகுப்பு முதல் அடிப்படைப் பயிற்சி தொடங்கியிருக்கிறது. உங்கள் பள்ளியில் அது நடந்தால் நான் கீழே சொல்வதை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, 44 பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. காலாண்டு மதிப்பெண் அதைச் சொல்லாது. 18 வாங்கியவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அந்த 18ஐப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கப் பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வில் ஒரு எளிய தாள் இருக்கிறது. வாசிப்பில் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. அதேபோல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொருவராக, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் வாசிக்க வையுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். பதினான்கு வயதுப் பையன் எழுத்துக் கூட்டுவதை அவன் நண்பர்கள் கேட்கக் கூடாது. இதில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்.

கணக்குக்கு எழுத்துத் தாளே போதும். நான் வைக்கச் சொல்லும் கணக்குகள் இவை: 500 − 238, 816 ÷ 4, 1/2 + 1/3, −3 − 5, 0.5 பெரியதா 0.35 பெரியதா, x + 7 = 3 என்றால் x எவ்வளவு. மதிப்பெண் போடாதீர்கள். தவறான விடைகளைப் படியுங்கள். முதல் கணக்குக்கு 338 என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது என்று அர்த்தம். 816ஐ நான்கால் வகுத்து 24 என்று எழுதியவருக்கு வகுத்தல் தெரியும், இடமதிப்பு தெரியாது. பின்னத்துக்கு 2/5 என்று எழுதியவர் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறார். −3 − 5க்கு 8 என்று எழுதியவர் 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற மனப்பாடத்தைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறார். இவை அனைத்தும் யோசித்துச் செய்த தவறுகள். "வகுத்தல் வராது" என்று நீங்கள் எழுதியிருக்கும் இருபது சொச்சம் பேரில் நான்கைந்து விதமான பிள்ளைகள் இருப்பார்கள்.

பிறகு பாடவேளையின் முதல் பதினைந்து நிமிடத்தை அடிப்படைக்கு ஒதுக்குங்கள். தினமும், ஒரு நாள் கூட விடாமல். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் அதன் நிலைக்கு ஏற்ற வேலை கொடுங்கள். வயதையும் வகுப்பையும் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கும் இந்த முறை பல மாநிலங்களில் சோதிக்கப்பட்டது. சோதித்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளில் நடந்தவை. ஒன்பதாம் வகுப்பில் குச்சிக் கட்டையும் புளியங்கொட்டையையும் கொண்டுபோனால் பிள்ளைகள் கூசிப் போவார்கள். பணத்தைக் கொண்டுபோங்கள், அதாவது காகிதத்தில் வெட்டிய 100, 10, 1 ரூபாய்த் தாள்களை. 816 ரூபாயை நான்கு பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். எட்டு நூறில் ஆளுக்கு இரண்டு. மிச்சம் ஒரே ஒரு பத்து ரூபாய், அதை நான்கு பேருக்குத் தர முடியாது. அங்கே நிறுத்தி, "பத்து ரூபாய்த் தாள் ஆளுக்கு எத்தனை கிடைத்தது?" என்று கேளுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பார்கள். அந்த ஒன்றுமில்லாததைத்தான் 204இன் நடுவில் எழுதுகிறோம். அடுத்து பத்தைச் சில்லறையாக மாற்றினால் ஆறோடு சேர்ந்து பதினாறு, ஆளுக்கு நான்கு. இதைக் கையால் செய்த பிள்ளை 24 என்று எழுதும்போது தானே நிறுத்திப் பார்க்கும்.

குறை எண்ணுக்குக் கடனைவிட நல்ல உதாரணம் இல்லை. தண்டல் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் வீட்டில் எவ்வளவு கடன் என்ற பேச்சு வகுப்பில் ஒருபோதும் எழக் கூடாது. ஊர் பேர் தெரியாத ஒரு கடைக்காரரின் கணக்காக எழுதிக்கொண்டு போங்கள்.

இங்கே அந்தப் பையனிடம் மறுபடி வருகிறேன். மீன் ஏலத்தில் கிலோ விலையை மனத்திலேயே பெருக்கிச் சொல்கிறவனுக்குக் கரும்பலகையில் ஏன் வரவில்லை என்று நீங்கள் வியந்திருக்கலாம். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1985இல் வெளிவந்தது. கடையில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியான விடை சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே இடைவெளி இருப்பதாக 2025இல் பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் எழுதினார்கள். சந்தைக் கணக்கு தானாகப் பள்ளிக் கணக்காக மாறாது. யாராவது ஒருவர் நடுவில் நின்று மாற்றிக் கொடுக்க வேண்டும். "மூன்றரை கிலோ சங்கரா, கிலோ 320 ரூபாய், எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். மூன்று முந்நூற்றிருபது தொள்ளாயிரத்து அறுபது, அரைக்கு நூற்று அறுபது, மொத்தம் 1,120 என்பான். அவன் சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதி, அதன் பெயர் பங்கீட்டுப் பண்பு என்று சொல்லுங்கள். அதை வைத்தே 3(a + b)க்குப் போகலாம். வகுப்புக்கு முன்னால் அவன் இழந்ததை அங்கேயே திருப்பிக் கொடுத்ததாகவும் ஆகும்.

போர்ஷன்? பதினைந்து நிமிடம் போனால் மீதம் இருபத்தைந்து நிமிடம்தான். எல்லா எடுத்துக்காட்டையும் பயிற்சிக் கணக்கையும் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஒவ்வொரு இயலிலும் பத்தாம் வகுப்புக்குத் தேவைப்படுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண மொழியை விரைவாகக் கடந்துவிடலாம். இயற்கணிதத்திலும் ஆயத்தொலை வடிவியலிலும் நின்று நிதானமாகப் போங்கள். வேகமாக வருகிற ஆறு பேருக்கு விட்டுப்போன கணக்குகளைத் தனியாகக் கொடுத்து வாரம் ஒரு முறை திருத்துங்கள். அவர்களும் உங்கள் பிள்ளைகள்தான், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையிலேயே அவர்கள் நேரம் போய்விடக் கூடாது.

ரிசல்ட்டைப் பற்றித் தலைமையாசிரியர் கேட்பது நியாயம்தான், அவரையும் மேலே கேட்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். தேர்ச்சிக்கு 35 வேண்டும், அதில் 16 இங்கேயே இருக்கிறது. வாசிப்பில் தடுமாறும் பிள்ளையும் கை பழகினால் இதைச் செய்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் சுற்றுவட்ட மையம், செங்கோட்டு மையம் வரைவதை இப்போதே நன்றாகப் பழக்குங்கள். காம்பஸ் வீட்டுக்குப் போனால் திரும்பி வராது, பத்துப் பன்னிரண்டு காம்பஸை வகுப்பு அலமாரியிலேயே வைத்துப் பூட்டுங்கள். ஆனால் இந்த 16ஐ மட்டும் ஓட்டிப் பாஸ் பண்ண வைக்கலாம் என்ற யோசனைக்கு இணங்காதீர்கள். வரைபடத்துக்கே அட்டவணையில் குறை எண்ணைப் பிரதியிடத் தெரிய வேண்டும்.

அந்தச் சோதனைத் தாளின் முடிவை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டுங்கள். காலாண்டில் 35ஐத் தொடாதவர்களில் எத்தனை பேருக்கு 816 ÷ 4 வரவில்லை என்பதை மட்டும் அடிக்கோடிடுங்கள். வாதம் தேவைப்படாது. அவரிடம் இரண்டு உதவி கேளுங்கள். ஒன்று, ஒன்பதாம் வகுப்புக் கணிதம் முதல் பாடவேளையில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. உங்கள் பிள்ளைகளில் பலருக்கு மதியச் சத்துணவுதான் அன்றைய முதல் சாப்பாடு. 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கச் சென்னை மாநகராட்சி முடிவெடுத்தது, தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது. நூறாண்டு கழிந்தும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பசியோடு கணக்குப் போடுகிறது என்பது எனக்குத் தாங்கவில்லை. உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் மனம் வைத்தால் காலையில் சுண்டலாவது கொடுக்கலாம், கேட்டுப் பாருங்கள். இரண்டு, மாலை ஆறு மணி வரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் ஐந்து பேரும் தொலைக்காட்சியும் இருக்கிற வீட்டில் எழுதுவதற்கு இடம் இல்லை. வீட்டுப்பாடத்தை அந்த அறையிலேயே முடித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் நடக்க விடாதீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெடும் என்று ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. அப்படி ஒரு பட்டியல் உங்களிடம் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வராதவர்களைப் பற்றி: ஏழெட்டுப் பேர் என்று ஒரே கணக்காக எழுதியிருக்கிறீர்கள். யார், எந்தக் கிழமை என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள், காரணங்கள் பிரியும். அம்மா ஐந்து மணிக்கே வீட்டுவேலைக்குப் போய்விட, தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு வருகிற பெண் பிள்ளை தாமதமாகத்தான் வரும். அதற்குப் பயந்தே சில நாள் வராமல் இருக்கும். தாமதமாக வந்தாலும் உள்ளே விடுங்கள். ஊரைவிட்டே மாற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை யாராவது இருந்தால் அதற்குக் கேள்வியே கேட்காதீர்கள்.

ஆண்டுத் திட்டத்தையும் இந்தப் பகுதியின் காலத்தை வைத்துத்தான் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளில் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூரில் எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. கடினமான பாடத்தை நவம்பருக்கு வைக்காதீர்கள். கணக்கு நோட்டுகளைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீனவர் வீடுகளில் கை காய்ந்திருக்கும். தடை நீங்கி மீன் வரத்து தொடங்குவதும் பள்ளி திறப்பதும் ஒரே மாதத்தில். அடுத்த ஜூனில் பதிவேட்டில் ஓட்டை விழும் என்பதை இப்போதே எதிர்பார்த்து, மே மாதத்திலேயே ஒரு முறை அந்த வீடுகளுக்குப் போய் வாருங்கள்.

மாறுதலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொந்த ஊருக்குப் போக விரும்புவதில் தவறே இல்லை. வீட்டைப் பிரிந்து வாடகை அறையில் தங்கி வேலை பார்ப்பதன் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் வரும் மே மாத மாறுதல் கலந்தாய்வில் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கொரு கணக்கு டீச்சர் மாறுகிற வகுப்பில், பிள்ளைகள் எங்கே விட்டார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை. இந்த 44 பேரையும் பத்தாம் வகுப்புத் தேர்வறை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, 2027 கலந்தாய்வில் விண்ணப்பியுங்கள். அதற்குள் போயே ஆக வேண்டிய நிலை வந்தால், அடுத்து வருகிறவருக்கு அந்தச் சோதனைத் தாள்களையும் குழுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த வாரம் பையன் வீடு, அடுத்த வாரம் சோதனைத் தாள். மூன்று குழுவிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எழுதுங்கள். வாசிப்பில் எழுத்து நிலையிலேயே நிற்பவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் தமிழாசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டியது தனியாக இருக்கிறது, அதை அடுத்த பதிலில் எழுதுகிறேன்.